வாள் ஏந்தும் பாத்திரத்துக்கு ஃபீட்டா, மந்திரமா?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டி ஆடும் பாத்திர விளையாட்டில் எதிரிக்கு நேர் எதிரே நின்று அடிக்கும் பாத்திரத்தை ஆடுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். அடியைக் கூர்மையாக்க ஃபீட் (பாத்திரம் நிரந்தரமாகப் பெறும் தனித்திறமை) எடுப்பதா, அல்லது அந்த வேலையை மந்திரங்களிடம் விட்டுவிடுவதா? ஒரு பக்கம் கிரேட் வெப்பன் மாஸ்டர் என்ற ஃபீட்டை எடுத்த ஃபைட்டர். இன்னொரு பக்கம் ஹேஸ்ட், ஷீல்ட், ஷேடோ பிளேட் என்று மந்திரங்களைப் போர்த்திக்கொண்டு முன்வரிசைக்கு வரும் பிளேட்சிங்கர் (வாளேந்தும் விசார்ட், அதாவது மந்திரவாதி) அல்லது எல்ட்ரிச் நைட் (மந்திரம் கற்ற ஃபைட்டர்).

இந்த விவாதம் பெரும்பாலும் ஸ்லாட் (மந்திரம் போட எண்ணிக்கையாகக் கிடைக்கும் வாய்ப்பு) கணக்கோடு நின்றுவிடுகிறது. ஃபீட் தீராது, மந்திரம் தீர்ந்துபோகும், அவ்வளவுதான் வித்தியாசம் என்பார்கள். அது சரிதான், ஆனால் போதாது. ஒரு மந்திரத்துக்கு நாம் கொடுக்கும் பெரிய விலை வேறு இடத்தில் இருக்கிறது: அதைப் போடுவதற்காக அடிக்காமல் விட்ட முறை (ஒரு சுற்றில் நமக்கு வரும் வாய்ப்பு), அதைத் தக்கவைக்க வேண்டிய கான்சென்ட்ரேஷன் (அடி பட்டால் உடையக்கூடிய கவனம்), அதற்குத் தேவைப்படும் வெறுங்கை, சில சமயம் ரியாக்ஷன் (சுற்றுக்கு ஒரு தடவை மட்டும் கிடைக்கும் எதிர்ச்செயல்). சண்டை மூன்று நான்கு சுற்றுகளில் முடிந்துவிடும் விளையாட்டில் இவைதான் ஸ்லாட்டைவிட அரிதான சரக்கு. இந்த விலையைக் கேட்காத மந்திரங்கள் ஃபீட்டுக்கு நல்ல மாற்று; கேட்கிற மந்திரங்கள் பெரும்பாலும் மாற்று ஆகாது என்பதுதான் என் கட்சி.

ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்தே பேசுகிறேன். 2024 திருத்தம் எதை மாற்றியது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

முதலில் ஃபீட்டின் விலை. 2014 விதிகளில் ஒரு ஃபீட் எடுத்தால் அந்த லெவலில் கிடைத்திருக்க வேண்டிய +2 எபிலிட்டி ஸ்கோரை (வலிமை, அறிவு போன்றவற்றைக் குறிக்கும் எண்) விட்டுக்கொடுக்கிறோம். பெரும்பாலான கிளாஸ்களுக்கு (பாத்திர வகைகளுக்கு) இந்த வாய்ப்பு 4, 8, 12, 16, 19 என ஐந்து முறை மட்டுமே வரும். ரோக்குக்கு ஒன்று கூடுதல். ஃபைட்டருக்கு 6, 14 ஆகிய லெவல்களும் சேர்ந்து ஏழு. எட்டாம் லெவலோடு முடியும் கேம்பெயினில் (தொடர் ஆட்டத்தில்) ஒரு கிளெரிக்குக்கு (பூசாரிப் பாத்திரத்துக்கு) இரண்டே வாய்ப்புதான். ஆகவே ஃபீட்டும் இலவசமில்லை. ஆனால் அதன் விலையை ஒரே தடவை கொடுத்து முடித்துவிடுகிறோம். ஒவ்வொரு சண்டையிலும் மறுபடி கேட்காது.

கிரேட் வெப்பன் மாஸ்டரை எண்களில் பார்ப்போம். ஐந்தாம் லெவல் ஃபைட்டர், ஸ்ட்ரெங்த் 18, கையில் கிரேட்சோர்ட் என்ற பெரிய வாள், அடிக்கும் 20 முகப் பகடைக்கு +7. எதிரியின் ஆர்மர் கிளாஸ் (சுருக்கமாக ஏசி; அடி பட பகடை எட்ட வேண்டிய எண்) 15. சாதாரணமாக அடித்தால் 65 சதவீதம் படும். ஓர் அடிக்குச் சராசரி 11, இரண்டு அடிக்கு எதிர்பார்ப்பு 14.3. இந்த ஃபீட் அனுமதிப்பதுபோல் பகடையில் 5 குறைத்து டேமேஜில் 10 கூட்டிக்கொண்டால் படும் வாய்ப்பு 40 சதவீதமாக இறங்குகிறது, அடியோ 21 ஆகிறது, எதிர்பார்ப்பு 16.8. கிரிட்டிக்கலை (பகடையில் 20 விழுந்தால் வரும் கூடுதல் டேமேஜ்) கணக்கில் சேர்க்கவில்லை. வித்தியாசம் இரண்டரைதான். எதிரியின் ஏசி 18 என்றால் இந்த ஃபீட் கொஞ்சம் நஷ்டமே: 11க்கு எதிராக 10.5.

இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் "இந்த ஃபீட்டுக்கா இவ்வளவு பேச்சு?" என்கிறார்கள். அட்வான்டேஜ் (இரண்டு பகடை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) கிடைக்கும் முறையில் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏசி 15க்கு எதிரே சாதாரண அடி 19.3, ஃபீட்டோடு 26.9. எதிரியைக் கீழே தள்ளிவிட்டோ, பார்பேரியனாக இருந்தால் ரெக்லஸ் அட்டாக் வைத்தோ, கூட்டாளி உதவியாலோ அட்வான்டேஜைத் தேடி எடுக்கிறவருக்குத்தான் இது பொன்னான ஃபீட். தேடாதவர் ஸ்ட்ரெங்த்தை ஏற்றிக்கொள்வதே மேல்.

டேமேஜ் எண்களில் பிடிபடாத ஃபீட்களும் உண்டு. என்னைக் கேட்டால் ஃபீட் பக்கத்தின் பலமான வாதமே அவைதான். போல்ஆர்ம் மாஸ்டர், சென்டினல் என்ற இரண்டு ஃபீட்களும் சேர்ந்தால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு குறுகலான நடைபாதை. ஃபைட்டர் ஹால்பர்ட் என்ற நீண்ட ஆயுதம் பிடித்து நிற்கிறார், எட்டும் தூரம் 10 அடி. எதிரே ஓகர் என்ற பூதம், கையில் பெரிய தடி, அது எட்டும் தூரம் 5 அடி. ஓகர் ஓடிவந்து 10 அடி எல்லைக்குள் கால் வைத்ததும் போல்ஆர்ம் மாஸ்டர் ஆப்பர்ச்சூனிட்டி அட்டாக் (ரியாக்ஷனில் ஓர் அடி) தருகிறது. ஓகரின் ஏசி 11தான். +7 வைத்திருப்பவருக்கு 85 சதவீதம் படும். பட்டால் சென்டினல் அதன் வேகத்தை அந்த முறைக்குப் பூஜ்ஜியமாக்கும். ஓகர் 10 அடி தள்ளி அப்படியே நிற்கிறது, தடி எட்டவில்லை. ஈட்டி இருந்தால் எறியும், அவ்வளவே. பின்னால் நிற்கும் விசார்டின் உயிர் இதனால் தப்புகிறது. எந்த ஸ்லாட்டும் செலவில்லை, அடுத்த சுற்றிலும் இதையே செய்யலாம். இரண்டாவது ஓகர் கூட வந்தால் அதைத் தடுக்க ரியாக்ஷன் மிஞ்சாது என்பது இதன் எல்லை.

இப்போது மந்திரத்தின் பக்கம் வருவோம். கைச்சண்டைக்கு மந்திரம் என்றதும் முதலில் சொல்லப்படும் பெயர் ஹேஸ்ட். வேகம் இரட்டிப்பு, ஏசிக்கு +2, ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஓர் அடி. ஆறாம் லெவல் பிளேட்சிங்கர் ஒருவர் தனக்குத்தானே இதைப் போட்டுக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மந்திரம் போடாவிட்டால் ஒரு முறைக்கு இரண்டு அடி. மூன்று சுற்றில் ஆறு. போட்டால் முதல் முறையில் ஆக்ஷன் (முறையின் முக்கியச் செயல்) மந்திரத்துக்குப் போய்விடுகிறது, ஹேஸ்ட் தரும் கூடுதல் ஆக்ஷனில் ஓர் அடி மட்டும். அடுத்த முறை மூன்று, அதற்கடுத்து மூன்று. மொத்தம் ஏழு. இரண்டாம் சுற்று முடிவில் இரண்டு பேரும் நாலு நாலு அடி என்று சமமாக நிற்கிறார்கள். மூன்றாம் சுற்றில்தான் ஹேஸ்ட் ஓர் அடி முந்துகிறது. மூன்றாம் லெவல் ஸ்லாட் கொடுத்து வாங்கியது இந்த ஓர் அடியும் ஏசியும் வேகமும்தான்.

இது எல்லாம் நல்லபடி போனால். முதல் சுற்றிலேயே எதிரி அடித்துக் கான்சென்ட்ரேஷன் உடைந்துவிட்டால் நிலைமை மோசம். ஹேஸ்ட் முடிந்ததும் அடுத்த முறை முழுவதும் நகரவோ ஆக்ஷன் எடுக்கவோ முடியாது. அப்போது மூன்று சுற்றின் கணக்கு: ஒன்று, பூஜ்ஜியம், இரண்டு. ஆறு அடி அடித்திருக்க வேண்டியவர் மூன்றோடு நிற்கிறார், அதுவும் எதிரிகளுக்கு நடுவில் அசையாமல்.

கான்சென்ட்ரேஷன் உடையும் வாய்ப்பு எவ்வளவு? டேமேஜ் வாங்கும் ஒவ்வொரு தடவையும் கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவ், அதாவது தாக்குப்பிடிப்பதற்கான பகடை, போட வேண்டும். இலக்கு 10, அல்லது வாங்கிய டேமேஜில் பாதி, எது அதிகமோ அது. கான்ஸ்டிட்யூஷன் 14 வைத்திருக்கும் சாதாரணப் பாத்திரம் இலக்கு 10ஐ 65 சதவீதம் தாண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. மூன்று அடி வாங்கிய பிறகும் மந்திரம் நிலைத்திருக்கும் வாய்ப்பு 27 சதவீதம்தான். முன்வரிசையில் நிற்பவர் மூன்று அடி வாங்குவது அன்றாடம் நடப்பது. பின்னால் 60 அடி தள்ளி நிற்கும் விசார்டின் கான்சென்ட்ரேஷனையும் இதையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

இங்கேதான் வார் காஸ்டர் என்ற ஃபீட் வருகிறது. அந்த சேவ்களுக்கு அட்வான்டேஜ் கிடைக்கும். அதே 65 சதவீதம் 88க்கு அருகில் போகிறது. மூன்று அடி தாங்கும் வாய்ப்பு 68 சதவீதம் ஆகிறது. பிளேட்சிங்கருக்கு பிளேட்சாங் என்ற சிறப்புத் திறன் ஓடும்போது இன்டெலிஜென்ஸையும் சேவில் கூட்டிக்கொள்ளலாம் என்பதால் அவர் கொஞ்சம் தப்பிக்கிறார். மற்றவர்களுக்கு வார் காஸ்டரோ, கான்ஸ்டிட்யூஷனுக்கான ரெசிலியன்ட் என்ற ஃபீட்டோ ஏறக்குறைய கட்டாயம். அதாவது ஃபீட் வேண்டாம் என்று மந்திர வழியைத் தேர்ந்தவர் முதல் வேலையாக ஒரு ஃபீட் எடுக்கிறார். ஒப்பிடும்போது இதைப் பலர் கணக்கில் எழுதுவதே இல்லை.

கைகளின் பிரச்சினையும் இதோடு சேர்ந்ததே. ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம். ஷீல்ட் மந்திரத்துக்கு வாய்ச்சொல்லும் கைச்சைகையும் வேண்டும், பொருள் எதுவும் வேண்டாம். பொருள் தேவைப்படாத மந்திரத்துக்கு, ஃபோகஸ் (மந்திரக் கருவி) பிடித்திருக்கும் கையால் சைகை செய்யலாம் என்ற சலுகை பொருந்தாது. ஆகவே இரண்டு கையும் நிறைந்த எல்ட்ரிச் நைட், விதிப்படி, வார் காஸ்டர் இல்லாமல் ஷீல்ட் போட முடியாது. பல டிஎம்கள் (ஆட்டத்தை நடத்துபவர்கள்) இதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் கண்டிப்பான டிஎம் கிடைத்தால் உங்கள் திட்டமே ஆடிப்போகும். கேம்பெயின் தொடங்கும் முன்பே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சொன்னதால் மந்திரம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. விலை குறைந்த மந்திரங்கள் இருக்கின்றன, அவற்றில் ஷீல்ட்தான் தலைவாசல். உங்கள் முறையை அது தொடுவதில்லை, கான்சென்ட்ரேஷன் கேட்பதில்லை, அடி பட்டது என்று தெரிந்த பிறகே போடலாம். +5 ஏசி, அடுத்த முறை தொடங்கும் வரை, வரும் எல்லா அடிக்கும். ஏசி 19 வைத்திருப்பவர்மேல் +6 வைத்திருக்கும் எதிரி அடித்தால் 40 சதவீதம் படும். ஷீல்ட் போட்டால் 15. இதற்கு நேர் எதிரான ஃபீட் டிஃபென்சிவ் டூயலிஸ்ட். ஐந்தாம் லெவலில் அது தருவது +3, ஒரே ஓர் அடிக்கு எதிராக, கையில் ஃபினஸ் (லாவகமாக வீசும்) ஆயுதம் இருந்தால் மட்டும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும், நாள் முழுக்க. ஐந்தாம் லெவல் எல்ட்ரிச் நைட்டிடம் இருப்பது மூன்று ஸ்லாட். அப்படியிருந்தும் நான் ஷீல்டையே தேர்வேன். நான்கு பேர் சூழ்ந்துகொண்ட அந்த ஒரு சுற்றில் உயிரைக் காப்பது அதுதான். ஒற்றை எதிரியின் ஒற்றை அடியைத் தட்டிவிடுவது அவ்வளவு அவசரமான தேவை இல்லை. ஒரு எச்சரிக்கை: ஷீல்டுக்கும் சென்டினலுக்கும் ரியாக்ஷன்தான் எரிபொருள். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்தால் ஒன்று எப்போதும் சும்மா இருக்கும்.

பூமிங் பிளேட் கான்ட்ரிப் என்ற எளிய மந்திர வகை என்பதால் ஸ்லாட்டே வேண்டாம். ஆனாலும் எல்லோருக்கும் ஏற்றதல்ல. ஐந்தாம் லெவலில் அது ஓர் அடியோடு 1டி8 (ஓர் எட்டு முகப் பகடை) கூட்டுகிறது. எதிரி தானாக நகர்ந்தால் இன்னொரு 2டி8. லாங்சோர்ட் வீசும் ஃபைட்டருக்கு, எதிரி நகராமல் நின்றால், இது 8.5க்குக் கீழே, சும்மா இரண்டு அடி அடித்தாலே 11. எக்ஸ்ட்ரா அட்டாக் (ஒரு முறைக்கு இரண்டு அடி) இருப்பவர் இதை எதற்காக எடுக்க வேண்டும்? எக்ஸ்ட்ரா அட்டாக் இல்லாத ரோக்குக்கு இது அருமை: ஒரே அடிதான் என்றாலும் ஸ்னீக் அட்டாக்கின் கூடுதல் டேமேஜும் சேரும், அப்புறம் கன்னிங் ஆக்ஷனில் விலகிவிட்டால் துரத்தி வரும் எதிரிக்கு இடி காத்திருக்கும். 2020 திருத்தத்துக்குப் பின் பிளேட்சிங்கர் தன் இரண்டு அடிகளில் ஒன்றுக்குப் பதிலாகக் கான்ட்ரிப் போடலாம் என்பதால் அவருக்கும் லாபம்.

ஷேடோ பிளேடும் நல்லதுதான், போனஸ் ஆக்ஷனில் (முறைக்கு ஒன்று மட்டும் கிடைக்கும் துணைச் செயல்) வந்துவிடும், 2டி8 டேமேஜ். ஆனால் பிளேட்சாங்குக்கும் போனஸ் ஆக்ஷன்தான் வேண்டும். இரண்டும் ஓடத் தொடங்க இரண்டு சுற்று ஆகும். இதுபோன்ற நெரிசலைக் காகிதத்தில் யாரும் பார்ப்பதில்லை, ஆடும்போதுதான் உறைக்கும்.

என் கட்சிக்கு எதிராக நிற்கும் ஒரு மந்திரத்தை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். கிளெரிக்கின் ஸ்பிரிட் கார்டியன்ஸ். ஒரு முழு ஆக்ஷன் கேட்கிறது, கான்சென்ட்ரேஷன் கேட்கிறது, இருந்தும் ஐந்தாம் லெவலில் கைச்சண்டைக்கு இதற்கு ஈடான ஃபீட் இல்லை. சுற்றி 15 அடிக்குள் முறை தொடங்கும் ஒவ்வோர் எதிரிக்கும் 3டி8, சேவ் செய்தால் பாதி. சேவ் இலக்கு 15, எதிரியின் விஸ்டம் சேவ் +1 என்று வைத்தால் ஆளுக்குச் சராசரி 11. மூன்று பேர் சூழ்ந்தால் சுற்றுக்கு 33. நம் கிரேட் வெப்பன் மாஸ்டர் ஃபைட்டர் அட்வான்டேஜ் வைத்தே 27ஐத் தொடவில்லை. இதன் அழகு அடுத்த முறையில் தெரியும்: கிளெரிக் அடிக்கவே வேண்டாம். டாட்ஜ் (அடியைத் தவிர்க்கும் ஆக்ஷன்) எடுத்துக்கொண்டு எதிரிகளுக்கு நடுவே நடந்தால் போதும். அவர்கள் அடிப்பதற்கு டிஸ்அட்வான்டேஜ், அதனால் கான்சென்ட்ரேஷனும் தப்பிக்கிறது. பத்து நிமிடம் நீடிப்பதால் பக்கத்து அறைச் சண்டைக்கும் சில சமயம் வரும். ஐந்தாம் லெவலில் இப்படி இரண்டு தடவைதான் முடியும், அதற்குள் எதிரி ஒற்றை ஆளாக வந்தால் பலன் மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

பாலடின்களுக்கு (புனித வீரர்கள்) வேறு மாதிரியான கேள்வி. அவர்களின் ஸ்லாட்டுக்கு டிவைன் ஸ்மைட் என்ற போட்டியாளர் இருக்கிறார். முதல் லெவல் ஸ்லாட்டை ஸ்மைட்டில் போட்டால் உடனே 2டி8, சராசரி 9, அடி பட்ட பிறகே செலவு. அதே ஸ்லாட்டை டிவைன் ஃபேவரில் போட்டால் ஒவ்வோர் அடிக்கும் 1டி4. இரண்டு அடி, 65 சதவீதம் என்றால் சுற்றுக்கு 3.25. ஸ்மைட்டை எட்டிப்பிடிக்க மூன்று சுற்று வேண்டும், அதற்குள் கான்சென்ட்ரேஷன் உடையாமல் இருக்க வேண்டும். சண்டை பெரும்பாலும் அதற்குள் முடிந்துவிடும். பாலடின் தன் அடிக்காக மந்திரம் தேடுவது வீண், ஒரே ஒரு விலக்கு பிளெஸ்.

பிளெஸ்ஸைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு உற்சாகம் வந்துவிடும். மூன்று பேருக்கு, அடிக்கும் பகடையிலும் சேவிலும் 1டி4. முதல் லெவல் ஸ்லாட். நம் ஃபைட்டரின் 40 சதவீதம் 52.5 ஆகிறது, 16.8 இருந்தது 22 ஆகிறது. ஃபீட் இல்லாத ஃபைட்டருக்கு அதே பிளெஸ் 14.3ஐ 17க்குத்தான் ஏற்றும். டேமேஜை ஃபீட் பெரிதாக்கி வைத்திருக்கும்போது, பகடையைத் தூக்கிவிடும் மந்திரம் இரட்டிப்பாக வேலை செய்கிறது. ஹேஸ்ட்டும் அப்படியே: பின்வரிசை விசார்ட் அதை ஃபைட்டர்மேல் போட்டால் ஃபைட்டரின் முறை வீணாவதில்லை, கான்சென்ட்ரேஷனும் அடி படாத இடத்தில் இருக்கிறது. ஆகவே உங்கள் குழுவில் துணை மந்திரம் போட மனமுள்ள ஒருவர் இருந்தால் உங்கள் பாத்திரம் ஃபீட் எடுப்பதே சரி. இதை முடிவுசெய்ய விதிப்புத்தகம் உதவாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியை இன்னும் பழைய கண்ணோடு பார்க்கிறவர்களும் உண்டு, அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்புதான் ஃபீட்களைக் கொண்டுவந்தது. அதிலும் 2003இன் 3.5 திருத்தத்திலும் ஃபைட்டருக்கு 20 லெவலில் 11 போனஸ் ஃபீட். கேட்க நிறைய, ஆனால் வேர்ல்விண்ட் அட்டாக் ஒன்றைத் தொட அதற்கு முன் நான்கு ஃபீட் எடுத்திருக்க வேண்டும். அதே வேளையில் ஏழாம் லெவல் கிளெரிக் டிவைன் பவர் என்ற ஒரே மந்திரத்தில் ஃபைட்டரின் தாக்கும் திறனையும் அதற்கு மேல் +6 ஸ்ட்ரெங்த்தையும் வாங்கிக்கொண்டார். இத்தகைய மந்திரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கவும் முடிந்தது. 3.5 ஆடுகிற குழுவில் இன்றும் என் பதில் தயங்காமல் மந்திரம்தான். ஒரு நேரத்தில் ஒரு கான்சென்ட்ரேஷன் மட்டுமே என்ற ஐந்தாம் பதிப்பின் விதி இந்த அடுக்கைக் கலைத்தது. அதனால்தான் ஃபீட்டுக்கு மறுபடி மதிப்பு வந்தது.

நாளுக்கு எத்தனை சண்டை என்பதையும் விடக் கூடாது. 2014 டிஎம் கையேடு ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மோதல்களையும் இடையில் இரண்டு ஷார்ட் ரெஸ்ட்டையும் (சிறு ஓய்வு) மனதில் வைத்து எழுதப்பட்டது. அப்படி ஓட்டும் டிஎம்மிடம் ஃபீட் வைத்த ஃபைட்டர் மாலையில்தான் ஒளிர்வார். வாரக் கடைசியில் கூடி ஒரே பெரிய சண்டை ஆடிவிட்டு லாங் ரெஸ்ட் (ஸ்லாட்டை மீட்டுத் தரும் நீண்ட ஓய்வு) எடுக்கும் குழுவில் ஸ்லாட் தீரும் பயமே இல்லை. அங்கே மேலே சொன்ன முறை, கான்சென்ட்ரேஷன் கணக்கு மட்டும் மிஞ்சும்.

2024 விதிகளில் தராசு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. கிரேட் வெப்பன் மாஸ்டரின் -5, +10 போய்விட்டது. இப்போது கனமான ஆயுத அடிக்குப் ப்ரொஃபிஷியன்சி போனஸ் (லெவலோடு வளரும் எண்) கூடுகிறது. பெரும்பாலான ஃபீட்கள் +1 ஸ்கோரும் சேர்த்துத் தருவதால் முன்போல மனம் வலிக்காது. மந்திரத்தின் பக்கம் டிவைன் ஃபேவருக்குக் கான்சென்ட்ரேஷன் தேவையில்லை என்றாகிவிட்டது, ஸ்பிரிச்சுவல் வெப்பனுக்குத் தேவை என்றாகிவிட்டது. எல்ட்ரிச் நைட் ஏழாம் லெவலில் ஓர் அடிக்குப் பதில் கான்ட்ரிப் போடலாம்.

முடிவெடுக்க வேண்டிய இடத்தில் நான் இப்படித்தான் பிரிப்பேன். சாதாரண ஃபைட்டர், பார்பேரியன்: ஃபீட், கூடவே பிளெஸ் போடும் நண்பர். ரோக்: பூமிங் பிளேட் கிடைக்கும் வழி இருந்தால் அது, ஃபீட்டை அப்புறம் பார்க்கலாம். கிளெரிக்: நாலாம் லெவலில் வார் காஸ்டர், ஐந்தில் ஸ்பிரிட் கார்டியன்ஸ், வாளை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பிளேட்சிங்கர்: ஹேஸ்ட்டைத் தனக்குப் போடாமல் ஃபைட்டருக்குப் போடட்டும், தன் ரியாக்ஷனை ஷீல்டுக்காகப் பத்திரமாக வைத்திருக்கட்டும். எல்ட்ரிச் நைட்டுக்கு மட்டும் இரண்டும் வேண்டும். நாலில் கிரேட் வெப்பன் மாஸ்டர், ஆறில் ஸ்ட்ரெங்த், மந்திரப் பட்டியலில் ஷீல்டும் அப்சார்ப் எலிமென்ட்ஸும். இரண்டு கையால் பிடிக்கும் வாளிலிருந்து ஒரு கையை எடுத்துச் சைகை செய்ய விதி இடம் தருவதால் வார் காஸ்டருக்கு அவர் எட்டாம் லெவல் வரை காத்திருக்கலாம்.